புலால் மறுத்தலும் மரக்கறி உணவும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

எமது இலக்கிய வரலாற்று நூல்களில் உணவுக்குத் தரப்படும் இடம் மிகச் சிறியது. பண்டைத் தமிழர் உண்டவை இவையிவை எனப் பட்டியலிட்டு அப்பாற் சென்றுவிடுவதே பெருவழக்கு. ஆயின், ஒரு சமூகத்தில் யார் எதை உண்டனர் என்பதிலும் பார்க்க, யார் எதை, எக்காரணங் கூறி, உண்ணாது விட்டனர் என்பதே அச்சமூகத்தின் உள்ளமைப்பைக் கூடுதலாகப் புலப்படுத்துவது. பசித்தவன் உண்பதற்குக் காரணங் கூறவேண்டியதில்லை. உண்ணாமையோ எப்பொழுதும் ஒரு கருத்துநிலையை வேண்டி நிற்பது.

இவ்விடயம் இன்று புதியதொரு வடிவில் எம்முன் நிற்கிறது. இறைச்சியைக் குறைத்து, அவ்விடத்திற் பயறு, பருப்பு, சோயா, பலாக்காய் முதலியவற்றைக் கொள்ளுமாறு சூழலியலாளரும் மருத்துவருஞ் சொல்லிவருகின்றனர். முற்போக்குச் சிந்தனையாளரிடையே இக்கூற்று உடன்பாட்டிலும் பார்க்க ஐயுறவையே பெறுகிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு உள. ஒன்று கோட்பாடு சார்ந்தது. மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பு வகித்த பங்கு பற்றி 1876இல் எழுதிய கட்டுரையில், மூளையின் வளர்ச்சிக்கு இறைச்சி உணவு இன்றியமையாததாயிருந்தது என்று ஏங்கல்ஸ் வாதித்தார். மரக்கறி உணவாளர்க்கு மரியாதை செலுத்திக்கொண்டே, இறைச்சியின்றி மனிதன் தோன்றியிரான் என்று அவர் கூறியது எம்மவர் பலருக்கு நினைவிருக்கும். மற்றைய காரணம் அனுபவஞ் சார்ந்தது. எமது சமூகத்திற் புலால் உண்ணாமை சாதியின் மொழியிலேயே நெடுங்காலம் பேசப்பட்டுவந்துள்ளது. சாதியை எதிர்த்து நின்ற ஒருவர், சாதியின் அடையாளமாயிருந்த உணவை நாடத் தயங்குவது இயல்பே.

இவ்விரு காரணங்களும் புறக்கணிக்கத்தக்கவையல்ல. புலால் மறுத்தல் என்பது ஒரே கொள்கையன்று. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு சமூக அடித்தளங்களின்மீது நின்ற பல கொள்கைகளின் பொதுப்பெயரே அது. அவற்றுள் எதனை நாம் ஏற்கலாம், எதனைக் கைவிடவேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

சங்க இலக்கியங்கள் காட்டும் சமுதாயம் புலால் உண்ட சமுதாயம் என்பதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. பொருநராற்றுப்படையில், கரிகாலனின் விருந்தினனான பொருநன் இரவு பகலாக ஊன் தின்றமையால், உழுத கொழுப்போலத் தன் பற்கள் மழுங்கிவிட்டன என்கிறான். அந்தணராகிய கபிலர், தம் கைகள் மென்மையாயிருப்பதற்குத் தாம் ஊனுஞ் சோறும் உண்டு பழகியதே காரணம் என்று சேர மன்னனுக்குக் கூறுவது புறநானூற்றின் 14ஆம் பாட்டிற் காணப்படுகிறது. அந்தணன் என்னும் நிலைக்கும் ஊன் உண்ணுதலுக்கும் முரண்பாடு இருப்பதாக அப்புலவரோ அவர் பாட்டைத் தொகுத்தோரோ கருதவில்லை.

எனினும் உணவு அக்காலத்திலும் எல்லோர்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் ஆற்றுப்படுத்தப்படும் பாணன், வழியில் எயினரிடத்து ஒன்றும், உழவரிடத்து ஒன்றும், வலைஞரிடத்து ஒன்றும், அந்தணர் மனையில் வேறொன்றுமாக உண்கிறான். உழவர் மனையிற் கோழியும், வலைஞர் மனையில் மீனும் கிடைக்க, அந்தணர் மனையில் அவனுக்குக் கிடைப்பவை மாதுளங்காயும் மாவடுவுமாகும். தொழிற்பிரிவு உணவுப் பிரிவாக வெளிப்படும் நிலை இது. ஆயின் இங்கு வேறுபாடு உண்டேயன்றி இழிவு கற்பிக்கப்படவில்லை. பாணன் எல்லா மனைகளிலும் உண்கிறான். புலவர் எல்லா உணவையும் ஒரே உவகையோடு வருணிக்கிறார்.

அதே புலவராகிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியதாகக் கொள்ளப்படும் பட்டினப்பாலை எமக்கு மேலும் பயன்படுவது. காவிரிப்பூம்பட்டினத்துக் கள்விலை மனைகளின் முற்றத்தில் மீனும் இறைச்சியும் பொரியும் ஓசை அதிற் கேட்கிறது. அதே நகரத்தில், உயிர்க்கொலை விலக்கப்பட்டமையால் வலைஞரின் முற்றத்தில் மீன்கள் அச்சமின்றித் திரிந்ததாகவும், ஊன் விற்போரின் குடிசையருகே விலங்குகள் கூடியதாகவும், உழவரையும் வணிகரையும் பற்றிப் பேசுமிடத்துக் கூறப்படுகிறது. ஒரே நகரம், ஒரே பாட்டு; ஆனால் இரண்டு ஒழுகலாறுகள். கொல்லாமை என்னுங் கருத்து துறைமுக நகரத்தில், பண்டமாற்றும் வாணிகமும் பெருகிய சூழலிலே தலைகாட்டுவது தற்செயலன்று.

மாங்குளம், அழகர்மலை முதலிய இடங்களிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்கள், துறவியர்க்குக் குகைப் படுக்கைகள் அமைத்துக் கொடுத்தோருள் வணிகரும் வணிகக் குழுவினரும் இருந்தமையைக் காட்டுகின்றன. உப்பு விற்றவரும் துணி விற்றவரும் அவருள் அடங்குவர். வடநாட்டைப் பொறுத்தவரை, வேள்வியில் மாடுகள் அழிக்கப்படுவது ஏர் உழவு பரவிய சமுதாயத்துக்குத் தாங்கமுடியாத இழப்பாயிற்று என்றும், அகிம்சைக் கொள்கையின் பொருளாதார அடிப்படை அதுவே என்றும் டி. டி. கோசாம்பி விளக்கினார். தமிழகத்தைப் பொறுத்தவரை, சமண பௌத்த நெறிகளை வணிக வர்க்கத்துடனும், அவற்றை எதிர்த்தெழுந்த பக்தி நெறியை நிலவுடைமை வர்க்கத்துடனும் தொடர்புபடுத்திய க. கைலாசபதியின் 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' 1966இல் வெளிவந்தது. புலால் மறுத்தலின் வரலாற்றையும் அந்த வெளிச்சத்திலேயே நாம் பார்க்கவேண்டியுள்ளது.

3

சங்கமருவிய காலத்தெழுந்த திருக்குறளிற் புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரமாக அமைகிறது. இது இல்லறவியலில் அன்றித் துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளமை மனங்கொள்ளத்தக்கது. விருந்தோம்பலைப் போற்றும் இல்லறத்தானுக்கு ஊன் விலக்கப்பட்டதாக வள்ளுவர் நேரே கூறவில்லை. அவ்வதிகாரத்தின் இறுதிப் பகுதியில், ஆயிரம் வேள்வி செய்வதிலும் ஓருயிரைக் கொன்று உண்ணாமை நன்று என்று கூறும்போது, அவருடைய அறம் வைதிக வேள்விக்கு எதிர்நிலையில் நிற்கிறது. பிற்காலத்தார் புலால் உண்ணாமையை வைதிகத் தூய்மையின் அடையாளமாக்கியபோது இந்த எதிர்நிலை மறக்கப்பட்டது.

அவ்வதிகாரத்தின் ஆறாவது குறளே எமது ஆய்வுக்கு நடுநாயகமானது. உண்பதற்காக உலகத்தார் வாங்காவிடின், விலைக்காக ஊனை விற்பாரும் இரார் என்பது அதன் கருத்து. கொன்றவன் ஒருவன், உண்டவன் வேறொருவன், ஆதலின் உண்டவனுக்குப் பழியில்லை என்னும் வாதத்துக்கு அது விடை. தனக்கெனக் கொல்லப்படாத ஊனைப் பிக்கு ஏற்கலாம் என்ற பௌத்த வழக்கைக் கருதியே இவ்விடை எழுந்ததென்பர். சமணக் காப்பியமாகிய நீலகேசியிலும் இவ்வாதம் விரிவாக நடைபெறுகிறது. மணிமேகலையிலோ, சாதுவன் நாகர்க்கு அறஞ் சொல்லுமிடத்து, மூத்து இறந்த விலங்கை உண்ணலாம் என்று விலக்களிக்கிறான். உண்போரின் வாழ்க்கை நிலையைக் கணக்கிலெடுத்துக்கொண்ட அறம் அது.

குறளின் வாதத்தில் உண்பவனின் உடலோ சாதியோ மறுபிறப்போ பேசப்படவில்லை. வாங்குவோன், விற்போன், கொல்வோன் மூவரும் ஒரு சங்கிலியிற் பிணைக்கப்பட்டுள்ளனர் என்பதே பேசப்படுகிறது. சந்தைக்குப் பின்னால் மறைந்திருக்கும் செயலைச் சந்தையில் நிற்பவன்முன் கொண்டுவந்து நிறுத்தும் வாதம் இது. வணிகச் சமுதாயத்தின் அனுபவத்திலிருந்தே இத்தகைய சிந்தனை எழுந்திருக்கமுடியும்.

4

பல்லவர், சோழர் காலங்களில் நிலம் கோயிலையும் பிராமணக் குடியிருப்புக்களையும் மையமாகக் கொண்டு ஒழுங்கமைக்கப்பட்டபோது, இவ்வறத்தின் உள்ளடக்கம் மாறியது. சமணத்தை வென்ற சைவம், சமணத்தின் உணவு நெறியைத் தனதாக்கிக்கொண்டது. திருமந்திரம் புலால் மறுத்தலை ஒரு தனிப் பகுதியாகவே பாடுகிறது. காலப்போக்கிற் சமயத்தின் பெயரே உணவின் பெயராயிற்று. சைவம் என்றால் புலாலற்ற உணவு, அசைவம் என்றால் புலால் உணவு என்னும் வழக்கு இன்றும் நிலைபெற்றுள்ளது. தமிழகத்தில் நிலவுடைமைச் சமூகத்தின் ஒரு பிரிவினர் சைவ வேளாளர் எனத் தம்மை வேறுபடுத்திக் கொண்டதும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது.

எனினும் இம்மாற்றம் முரண்பாடின்றி நிகழவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், வேடராகிய கண்ணப்பர் தாம் சுவைத்துப் பார்த்த இறைச்சியைச் சிவனுக்குப் படைக்கிறார். பூசகராகிய சிவகோசரியார் அதுகண்டு துடிக்கிறார். இறைவன் வேடரின் அன்பையே மேலானதாகக் காட்டுகிறான். மக்களைத் திரட்ட முயன்ற பக்தி இயக்கத்துக்கு ஊன் உண்ணும் மக்களை விலக்கிவைத்தல் இயலாதாயிற்று. ஆயின் கண்ணப்பருக்கு வீடுபேறு கிடைத்ததே தவிர, அவருடைய குலத்தவர்க்குக் கோயிலினுள் இடங் கிடைக்கவில்லை. அன்பு சமமாயிற்று, அடுப்பு சமமாகவில்லை.

இந்தியத் துணைக்கண்டத்திலே தீண்டாமையின் தோற்றத்தையே மாட்டிறைச்சி உண்ணலுடன் தொடர்புபடுத்தி 1948இல் ஒரு நூலில் வாதித்தார் அம்பேத்கர். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்காதோரும், உணவு விலக்கு மனித விலக்காக மாறிய வரலாற்றை அவர் தெளிவுபடுத்தியதை மறுக்கவியலாது. வீட்டில் மாட்டிறைச்சி வைத்திருந்தார் என்ற ஐயத்தின்பேரில் உத்தரப் பிரதேசத்துத் தாத்ரியில் 2015இல் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். உயிரிரக்கத்தின் பெயரால் உயிர் பறிக்கப்படும்போது, அங்கு செயற்படுவது இரக்கமன்று என்பது வெளிப்படை.

5

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஏறத்தாழ ஒரே வயதினரான இருவர் இப்பொருளை இரு வழிகளிற் கொண்டுசென்றனர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1822இலும், வடலூர் இராமலிங்கர் 1823இலும் பிறந்தவர்கள். இருவரும் புலாலைக் கடிந்தனர். இருவரும் பசித்தோர்க்கு உணவளித்தனர். 1867இல் வடலூரில் இராமலிங்கர் தருமசாலையைத் தொடங்கினார். 1870களின் பஞ்சத்தின்போது நாவலர் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி நடத்தினார். ஆயின் இராமலிங்கர் சாதி சமய வேறுபாடுகளை மறுத்து, சீவகாருணியத்தையே தமது நெறியின் அடிப்படையாக்கினார். ஊன் உண்போர் தமது நெறிக்குப் புறம்பானவர் என்றபோதும், அவர்தம் பசியைத் தீர்த்தல் கடன் என்றார். நாவலரோ மிசனரிமாரின் செல்வாக்குக்கு எதிராகச் சைவ ஆசாரத்தை நிலைநிறுத்த முற்பட்டவர். அவருடைய சைவ வினாவிடையும் பாலபாடங்களும் புலால் உண்ணலைப் பாவமாகப் பள்ளிச் சிறுவர்க்குப் போதித்தன. அந்நியப் பண்பாட்டு ஆதிக்கத்தை எதிர்த்த அளவில் நாவலரின் பணி முற்போக்கானது. அவ்வெதிர்ப்பு, ஏற்கெனவே இருந்த சாதியமைப்பை அடித்தளமாகக் கொண்டமை அதன் எல்லை.

அதன் விளைவை யாழ்ப்பாணத்து அன்றாட வாழ்விற் காணலாம். வெள்ளிக்கிழமையும் விரத நாளும் மரக்கறி. ஏனைய நாட்களில் மச்சம். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. உயர்சாதியினரிற் பெரும்பாலாரும் மீன் உண்பவரேயாயினும், உண்ணாத நாட்களே அவருடைய மேன்மைக்குச் சான்றாயின. நாள்தோறும் நண்டையும் மீனையும் நம்பி வாழ்ந்த கடற்றொழிலாளிக்கும் கூலி உழைப்பாளிக்கும் அச்சான்று எளிதிற் கிட்டவில்லை.

சாதி ஒதுக்கம் கூர்மையாக வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று, சைவக் கடைகள் எனப்பட்ட உணவகங்களும் தேநீர்க் கடைகளுமேயாகும். ஓர் உயிரையும் கொல்லாத உணவு பரிமாறப்பட்ட அக்கடைகளில், தாழ்த்தப்பட்டோர்க்கு இருக்கை மறுக்கப்பட்டது. 1950களிலும் 1960களிலும் நடைபெற்ற தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களும், 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி எழுந்த ஊர்வலமும் அவ்வநீதிக்கு மக்கள் கொடுத்த விடை. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் நூலுருப் பெற்றபோது அவ்வனுபவம் இலக்கியமாயிற்று. மரக்கறி உணவின் வரலாற்றை எழுதும் எவரும் அந்த மேசைகளையும் கதவுகளையும் மறந்துவிடலாகாது.

6

இதுவரை கூறியது மறுப்பின் வரலாறு. மறுப்பவர்க்கு இறைச்சி கிடைக்கக்கூடியதாயிருந்தது; ஆகவே மறுக்கமுடிந்தது. கிடைக்காதோரின் வரலாறு வேறு. அது சாத்திரங்களில் அன்றிச் சமையற் கட்டுக்களிலேயே எழுதப்பட்டது.

எமது பேச்சுவழக்கில் வழங்கும் 'மரக்கறி' என்னுஞ் சொல்லே கவனத்துக்குரியது. பண்டைத் தமிழில் மிளகைக் குறித்த கறி என்னுஞ் சொல், பின்னர் மிளகு சேர்த்துச் சமைத்ததையும் இறைச்சியையும் குறித்தது. அதனோடு மரம் என்னும் அடை சேர்ந்தபோது, தாவரத்தைக் கறியாக்கும் கலைக்கே ஒரு பெயர் கிடைத்தது. இச்சொல்லிற் சமயமில்லை, தூய்மையில்லை. பொருள் மட்டுமே உண்டு. சைவம் என்னுஞ் சொல்லுக்கும் மரக்கறி என்னுஞ் சொல்லுக்குமிடையே உள்ள தூரம், இரண்டு உலக நோக்குகளுக்கு இடையே உள்ள தூரமாகும்.

பிஞ்சுப் பலாக்காயை இறைச்சிச் சரக்குச் சேர்த்துச் சமைக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. நாரமைந்த அதன் தசை, சரக்கையும் தேங்காய்ப் பாலையும் உள்வாங்கி இறைச்சியின் பதத்தைத் தருவது. ஒடியற் கூழில் மீனோடும் நண்டோடும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் மரவள்ளியும் சேர்கின்றன. மீன் இல்லாத நாளில் அவையே கூழை நிறைக்கின்றன. சிங்கள மக்கள் பலாவைச் சோற்று மரம் என்று அழைப்பதும், பலாக் கன்றுகளை நாடெங்கும் நடச்செய்த ஆர்தர் வி. டயஸ் என்பவரைப் பலா மாமா என்னும் பொருளில் 'கொஸ் மாமா' என்று நினைவுகூர்வதும், இம்மரம் இரு இனத்து ஏழைகளுக்கும் பொதுவான பாதுகாப்பாயிருந்தமைக்குச் சான்று.

1970களில் இந்நாட்டில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டு உணவுத் தட்டுப்பாடு நிலவியபோது, சோயா அவரை அரச ஆதரவுடன் பரப்பப்பட்டது. சோளமும் சோயாவும் சேர்ந்த திரிபோஷா 1973 முதலாகத் தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டது. எல்லாக் கடைகளிலும் இன்று கிடைக்கும் 'சோயா மீற்' அமெரிக்க ஆலைகளிற் பிறந்த பண்டம். எண்ணெய் பிழிந்தெடுத்தபின் எஞ்சும் சோயா மாவை வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்படுத்தி, சிறு துளைவழியே தள்ளினால் அது பஞ்சுபோலப் பொருமி நாராகிறது. ஆர்ச்சர் டானியல்ஸ் மிட்லண்ட் என்னும் பெருநிறுவனம் 1960களில் இம்முறையை வளர்த்தெடுத்தது. அதன் நிறையிற் பாதியளவு புரதம். எண்ணெய்த் தொழிலின் மிச்சம் ஏழையின் இறைச்சியான கதை இது. உலர்நிலையிற் கெடாது நிற்பதாலும், குளிர்ப்பெட்டி தேவைப்படாததாலும், மலையக லயத்திலும் மீனவர் குடிசையிலும் அது இடம்பெற்றது.

7

இன்று தாவர உணவை நாடுவதற்குக் கூறப்படும் காரணங்களைப் பழைய காரணங்களோடு ஒப்பிடுதல் வேண்டும். 2018இல் வெளியான பூர், நெமெசெக் ஆகிய இருவரின் ஆய்வு, உலகின் விவசாய நிலத்தில் 83 வீதத்தை விலங்குணவு உற்பத்தி எடுத்துக்கொள்வதாகவும், அது மனிதர் உண்ணும் கலோரியில் 18 வீதத்தையும் புரதத்தில் 37 வீதத்தையுமே தருவதாகவும் கணித்தது. மனிதச் செயலால் வெளியாகும் பச்சைவீட்டு வாயுக்களில் 14.5 வீதம் கால்நடைத் துறைக்குரியது என்று 2013இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு மதிப்பிட்டது. உலகில் விளையும் சோயாவில் முக்காற்பங்குக்கு மேல் விலங்குத் தீவனமாகிறது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் வகைப்படுத்தியது.

இவற்றுள் ஒன்றேனும் உண்பவனின் தூய்மை பற்றியதன்று என்பதை நாம் வற்புறுத்த விரும்புகிறோம். நிலம் யாருக்காகப் பயன்படுகிறது என்பதே இங்கு வினா. ஸ்கொத்லாந்தில் சதர்லாண்ட் சீமாட்டியின் நிலத்திலிருந்து பதினையாயிரம் குடியானவர்கள் வெளியேற்றப்பட்டு, 1825 அளவில் அவரிடத்தில் 131,000 செம்மறியாடுகள் நின்றதை மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்திற் பதிவுசெய்தார். அன்று கம்பளிக்காக மனிதர் துரத்தப்பட்டனர். அமேசன் காடுகள் இன்று மேய்ச்சல் தரைக்காக எரிக்கப்படும்போது நடைபெறுவது அதன் தொடர்ச்சியே. வாங்குவோனையும் விற்போனையும் ஒரே சங்கிலியிற் காட்டிய வள்ளுவரின் வாதம், உலகச் சந்தையின் அளவில் இன்று மீண்டும் உயிர்பெறுகிறது.

ஆயின் அவ்வாதத்தை அப்படியே தனிமனிதனின் கடமையாக்கிவிடுவது போதாது. சந்தையிற் பொருளைத் தெரிவுசெய்யும் சுதந்திரம் எல்லோர்க்கும் சமமானதன்று. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியபோது, இலங்கை மக்களிற் பலர் மீனையும் முட்டையையும் கைவிட்டனர். அது புலால் மறுத்தலன்று; புலால் மறுக்கப்படுதல். தோட்டத் தொழிலாளியின் குழந்தைக்கு ஒரு முட்டை கிடைக்காத நாட்டில், உண்ணாமையை எல்லோர்க்கும் ஒரே அறமாகப் போதித்தல் கொடுமை. இறைச்சி மிகையாக உண்ணப்படும் செல்வ நாடுகளுக்கும், நகர்ப்புற வசதி படைத்தோர்க்குமே அவ்வேண்டுகோள் முதலிற் பொருந்துவது.

தாவர உணவு என்பதனாலேயே ஒரு பொருள் நன்மையானதாகிவிடாது. நாம் நாள்தோறும் உண்ணும் மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருவது. டொலர் இல்லாதபோது பருப்பும் இல்லை. இறைச்சியைப்போலச் சுவைக்கும் தாவரப் பண்டங்களைச் செய்யும் அமெரிக்க நிறுவனமொன்றாகிய பியொண்ட் மீற், 2019இற் பங்குச் சந்தையில் நுழைந்தபோது பங்கு விலை பன்மடங்கு உயர்ந்து, பின்னர் பெரிதும் வீழ்ந்தது. புவியைக் காப்பதும் ஊக வாணிகத்தின் பண்டமாகக் கூடும் என்பதற்கு அது சான்று. மேலும், முற்றாகத் தாவர உணவே உண்போர் உயிர்ச்சத்து பி12ஐ வேறுவழியிற் பெறவேண்டும் என்பது உடற்கூற்று உண்மை. அதனை எக்கொள்கையும் மாற்றமுடியாது.

8

இனி, தொடக்கத்திற் குறிப்பிட்ட இரு தடைகளுக்கும் வருவோம். ஏங்கல்ஸ் கூறியது மனிதத் தோற்றத்தின் நிபந்தனை. ஒரு காலத்தின் நிபந்தனையை எல்லாக் காலத்துக்கும் விதியாகக் கொள்ளுதல் இயங்கியல் நோக்குக்கு உடன்பாடானதன்று. அதே கட்டுரையின் பிற்பகுதியில், இயற்கையின்மேற் பெற்ற வெற்றிகளையிட்டு மனிதன் அளவுகடந்து பெருமைகொள்ளலாகாது, ஒவ்வொரு வெற்றிக்கும் இயற்கை பழிவாங்குகிறது என்று அவர் எச்சரித்தார். மெசொப்பொத்தேமியாவிலும் கிரேக்கத்திலும் விளைநிலத்துக்காகக் காடழித்தோரையும், கோப்பித் தோட்டத்துக்காகக் கியூபாவின் மலைச்சரிவுகளை எரித்த ஸ்பானியரையும் அங்கே சான்று காட்டினார். முன்பகுதியை மட்டும் மேற்கோள் காட்டுவோர் கட்டுரையை முழுவதும் படித்தவராகார்.

சாதி பற்றிய தடை இதனிலும் கடினமானது. ஏனெனில் அது புத்தகத்திலிருந்தன்றிக் காயத்திலிருந்து எழுவது. அதற்கு நாம் கூறக்கூடியது இதுவே: பலாக்காயும் பயறும் உழுந்தும் எந்தச் சாதிக்கும் சொந்தமானவையல்ல. அவற்றை விளைவித்தவரும் சமைத்தவரும் உழைக்கும் மக்களே. உயர்சாதியினர் தமதென உரிமை கொண்டாடியது உணவையன்று, விலக்கும் அதிகாரத்தையே. அவ்வதிகாரத்தை மறுப்பதற்காக உணவையும் அவரிடமே விட்டுக்கொடுத்தல் வேண்டியதில்லை.

ஆகவே, எமது மேசையில் இறைச்சியைக் குறைத்து மரக்கறிக்கு இடந்தருவதை நாம் ஆதரிக்கிறோம். மீன் உண்பவனைத் தாழ்ந்தவனாக்காத, முட்டையின்றி வாடும் குழந்தையை மறந்துவிடாத, நிலத்தையும் நீரையும் பொதுச் செல்வமாகக் கருதுகின்ற ஆதரவு அது. யாருடைய கையாலும் வாங்கி உண்ணவும், யாரோடும் சமமாக அமர்ந்து உண்ணவும் ஆயத்தமாயிருப்போருக்கே மரக்கறியைப் பரிந்துரைக்கும் தகுதி உண்டு.